பஸ்ஸுக்கு ஆம்பூர் என்று பெயர்

1

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மாகாணத்தின் கடற்கரைப் பட்டணம் டர்பன். அதற்குத் தெற்கே, தமிழர்களும் தெலுங்கர்களும் கீரையும் முட்டைகோஸும் பச்சைமிளகாயும் போட்டுப் பிழைக்கிற சேற்றுப் பூமிக்குக் கிளேர்வுட் என்று பெயர். அங்கேதான் எங்கள் வீடு. தகரச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால், ஜெபம் பண்ணுகிறவருக்கே தன் ஜெபம் காதில் விழாது.

என் கணவர் ஆபிரகாம் இந்த நாட்டில் பிறந்தவர். அவரைப் பெற்றவர்கள் பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். நான் ஆம்பூரில் பிறந்து, மிஷன் பள்ளியில் நாலு எழுத்துப் படித்து, அவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறினேன். எங்களுக்கு ஒரே பிள்ளை தானியேல். இந்த வருஷம் அவனுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தோம்.

தோட்டத்துக் காய்கறியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஒரு பழைய லாரி வைத்திருந்தோம். தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து அதற்குக் கூரை போட்டார்கள். பலகை பெஞ்சுகள் அடித்தார்கள். ஜன்னலுக்குக் கித்தான் படுதா தொங்கவிட்டார்கள். லாரி பஸ்ஸாகிவிட்டது. இங்கே நம்மவர்கள் ஓட்டுகிற பஸ்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். நம்பர் படிக்கத் தெரியாதவர்கள்கூட, "மலை ராணி வந்தாச்சா?", "சிவப்புக் கழுகு போய்ட்டானா?" என்று பெயரைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள். பெயரில்லாத பஸ்ஸில் யாரும் ஏறமாட்டார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் கணவர் கேட்டார்: "நம்ம வண்டிக்கு இன்னா பேர் வெக்கிறது?"

"சில்வர் ஏரோ" என்றான் தானியேல். யோசித்து வைத்திருந்தான் போலிருக்கிறது.

"வெள்ளி அம்பா? அது போற வேகத்துக்கு அம்புன்னு எழுதினா சிரிப்பாங்கடா" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

"ஆம்பூர்" என்றேன்.

இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

2

ஏன் நிறுத்தினார்கள் என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

கடல் தாண்டி வந்தவர்களில் பலர் கடலிலேயே எதையாவது உதறிவிட்டு வந்திருக்கிறார்கள். சிலர் தகப்பன் பெயரை மாற்றிக்கொண்டார்கள். சிலர் பெயருக்குப் பின்னால் ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டார்கள். பலர் ஊரை மாற்றிக்கொண்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால் "மெட்ராஸ்" என்று சொன்னால் போதும். அதற்குமேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஊரில் தெருவுக்குள் விடாதவர்கள், கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். அந்த வாய்ப்பை விட யாருக்கு மனசு வரும்?

ஆனால் ஆம்பூர் என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றால் தோல். தோல் என்றால் அதைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் யார் என்பது வடஆற்காட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

தானியேலுக்குப் பேசியிருந்த பெண் கிரேஸ். அவளுடைய தகப்பனார் டர்பனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்கள் சபைக்காரர்தான். தன் பாட்டனாருக்கு வேலூர் லாங் பஜாரில் பெரிய கடை இருந்தது என்று ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் நாலு பேரிடமாவது சொல்லிவிடுவார். எங்களைப் பற்றி அவர் அதிகமாக விசாரிக்கவில்லை. என் கணவரைக் கேட்டபோது, "எங்க அப்பாம்மா பள்ளிகொண்டா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரங்கநாதர் கோயில் இருக்கிற ஊர். பெயரில் வாசனை ஒன்றும் இல்லை.

"மம்மி, பஸ்ஸுல ஆம்பூர்னு எழுதினா அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றான் தானியேல்.

"இன்னா தெரிஞ்சிடும்?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "தோல்."

அந்தப் பிள்ளைக்கு ஆம்பூர் என்றால் என்ன தெரியும்? பாலாறு என்று நான் சொன்னால், "மில்க் ரிவரா? தண்ணியே இருக்காதுன்னு சொன்னியே?" என்று சிரிப்பான். தமிழ் பேசுவான், எழுதச் சொன்னால் 'ழ'வுக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று கேட்பான். ஜூலு மொழியில் சண்டை போடுவான். இங்கிலீஷில் கனவு காண்கிறான் என்று நினைக்கிறேன். தூக்கத்தில் ஒருநாள் "வெயிட், வெயிட்" என்று உளறினான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெயரையும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் கணவர்தான் முடித்துவைத்தார். "அவ ஒரு நாளும் இது வேணும்னு கேட்டதில்ல. வெச்சிட்டுப் போவோம்."

3

லைசென்ஸ் ஆபீசுக்குத் தகப்பனும் பிள்ளையும் போனார்கள். வெள்ளையர்களுக்கு ஒரு ஜன்னல், மற்ற எல்லோருக்கும் ஒரு ஜன்னல். மற்றவர்கள் ஜன்னலில் காலையில் நின்றால் மத்தியானம் பேர் கூப்பிடுவார்கள். வண்டியின் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்டிருக்கிறான். என் கணவர் "ஆம்பூர்" என்றிருக்கிறார். அவன் தலைநிமிராமல் எழுதிக்கொண்டு முத்திரை குத்திவிட்டான். லைசென்ஸில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வண்டியில் எழுத வேண்டும் என்பது சட்டம். பெயிண்டர் அதைப் பார்த்துத் தங்க நிறத்தில் அழகாக எழுதிவிட்டான்.

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தேன். மிஷன் பள்ளி இங்கிலீஷ் எனக்கு இன்னும் மறந்துவிடவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆம்பர் என்று இருந்தது.

"இது இன்னா?" என்றேன்.

தானியேல் முகமெல்லாம் சிரிப்பு. "ஆம்பர்னா ஒரு கல் மம்மி. மஞ்சளா, தேன் மாதிரி இருக்கும். நகையில வெப்பாங்க. அந்த குமாஸ்தா தப்பா எழுதினாலும் நல்லதாத்தான் போச்சு. உனக்கு ஆம்பூர், அவங்களுக்கு ஆம்பர். யாருக்கும் பேஜார் இல்ல."

என் கணவரும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, மேரி."

எனக்கு வந்த கோபத்தை நான் எப்படிச் சொல்வது? பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுச் சாயங்காலம் போனால், வேறு பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்து, "இதுவும் அதே உயரம்தானே" என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றேன். "ஒக்காருங்க."

ஆம்பூரைப் பற்றி அதுவரை அவர்களிடம் நான் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை. அதுதான் காரணம்.

4

நாற்றத்தை நான் மறைக்கப்போவதில்லை. அது உண்மை. எங்கள் சேரிக்கும் பாலாற்றுக்கும் நடுவில் தோல் கிடங்கு. சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோல், மயிர் சுரண்டிக் குவித்த குப்பை, சவ்வு. அதன்மேல், தோலைப் பதம் பண்ணப் போடுகிற ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாசனை. என் தகப்பனாரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் தோலின் உட்புறத்துச் சவ்வைச் சுரண்டி எடுக்கிறவர். அம்மா சாலம்மா பட்டை இடிக்கிறவள். இரண்டு பேர் உடம்பிலும் அந்த வாசனைதான். கடைத்தெருவில் நாங்கள் நடந்தால் ஆட்கள் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். நாங்களும் ஓரமாகத்தான் போவோம். அவர்களுக்குச் சிரமம் இல்லாமல்.

எனக்குப் பதினாலு பதினைந்து வயதிருக்கும். புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலாறு வழக்கம்போல வெறும் மணல். முதல்நாள் சனிக்கிழமை என்பதால் அக்கரைக் கிராமத்தார் பள்ளிகொண்டாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு ரங்கநாதரைச் சேவிக்கப் போயிருந்தார்கள். மறுநாள் திரும்பி வந்து எங்கள் கிடங்குக்கு எதிரே ஆற்றில் இறங்கினார்கள். மணலில் சக்கரம் புதைந்து வண்டிகள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. மேற்கே மலைப்பக்கம் கொட்டியிருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் கோயில் முடிந்து வெளியே வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. ரயில் வருகிறது என்று நினைத்தோம். ரயிலுக்கு நேரமில்லை. கரைக்கு ஓடிப் பார்த்தால், ஆறு செம்மண் நிறத்தில், முள்ளும் மரமுமாகப் புரண்டு வந்துகொண்டிருந்தது. வண்டிகளை விட்டுவிட்டு, நடு ஆற்றில் இருந்த ஒரு பாறைத் திட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், ஒரு பெரியவர். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவர்கள் கத்துவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

பாலாற்றில் படகு ஏது? வருஷத்தில் முக்கால்வாசி நாள் நடந்து கடக்கிற ஆறு. கரையில் கூடியிருந்த ஊர்க்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

நைனாதான் சொன்னார்: "பட்டைக் கூடையில தோலு கட்டுனா மெதக்கும்."

பட்டை கொட்டி வைக்கிற மூங்கில் கூடை. ஓர் ஆள் படுக்கிற அகலம் இருக்கும். அதன்மேல் எருமைத் தோலை இழுத்துக் கட்டினால் பரிசல். ஆனால் தோல் எங்களுடையதா? கிடங்கு முதலாளி சாயபு, வீட்டிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்திருந்தார். பூட்டைத் திறக்கலாமா என்று ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"அரே, என் மூஞ்சில இன்னா எழுதியிருக்கு?" என்று கத்தினார் அவர். "தோலு நாளைக்கும் வரும். அந்த ஜனங்க வருமா? எடு, ஜல்தி எடு!"

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆண்களிடம் இருந்த ஒரே வெள்ளை வேட்டியை அன்றைக்குத்தான் உடுத்தியிருந்தார்கள். அதோடு சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோலைத் தூக்கினார்கள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு, நாலு பேர் இழுக்க, நாலு பேர் கட்டினார்கள். தண்ணீர் புகாமல் இருக்கக் கட்டிய இடத்தில் கொழுப்பை அப்பினார்கள். கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடங்களை முடிந்து ஒரே வடமாக்கிக் கூடையில் பூட்டினார்கள். மறுமுனை எங்கள் கையில். எங்கள் என்றால் பெண்கள் கையில். நைனாவும் இன்னும் மூன்று ஆண்களும் கூடையைப் பிடித்துக்கொண்டு நீந்த வேண்டும். மீதிப் பேர் கரையில் வழியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இழுக்கிற வேலைக்கு நாங்கள்தான் இருந்தோம்.

கொஞ்சம் மேலே தள்ளிப் போய் ஆற்றில் விட்டார்கள். வெள்ளமே அவர்களை இழுத்துக்கொண்டு போய்த் திட்டில் சேர்த்தது. முதல் தடவை குழந்தைகள் வந்தார்கள். அடுத்து பெண்கள். நாங்கள் இழுத்தோம். வடம் உள்ளங்கையை அறுத்தது. யாரும் விடவில்லை.

திட்டில் நடந்ததை நைனா பின்னால் சொன்னார். அந்தப் பெரியவர் கூடையில் ஏறமாட்டேன் என்று நின்றாராம். "பெருமாளைச் சேவிச்சிட்டு வர்றேன். பச்சத் தோலத் தொட்டு நான் கரையேறணுமா?" என்றாராம். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவருடைய மருமகள், கடைசியாக ஏறப் போனவள், திரும்பி நின்று கேட்டாளாம்: "மாமா, உங்க கால்ல போட்டிருக்கிறது இன்னா?"

அவர் தண்ணீரிலிருந்து காலைத் தூக்கித் தன் செருப்பைப் பார்த்தாராம். ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.

அந்தக் கடைசி நடையில்தான் ஒரு மரம் வந்து கூடையில் மோதியது. கூடை சுழன்றது. நைனாவின் தலை தண்ணீருக்குள் போனது. வடம் எங்கள் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. முன்னால் நின்றவர்கள் மணலில் இழுபட்டுத் தண்ணீருக்குள் போக ஆரம்பித்தார்கள். அப்போது அம்மா வடத்தைத் தன் இடுப்பில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள்.

"ஒக்காருங்கடி! எல்லாரும் ஒக்காருங்க!"

நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். குதிகாலை மணலில் ஊன்றி, ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்துகொண்டு. வடம் நின்றது. ஆறு இழுத்தது, நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. கூடை மெல்லத் திரும்பிக் கரைப்பக்கம் ஒதுங்கியது. நைனாவின் தலை கூடைக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அம்மா அப்போதுதான் அழுதாள்.

ஒரு மனுஷ உயிர்கூடப் போகவில்லை. மாடுகள் மட்டும் போய்விட்டன.

பெரியவர் கரையேறித் துணியைப் பிழிந்துகொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த மருமகள் மட்டும் ஈரச்சேலையோடு அம்மாவிடம் வந்தாள். வடம் அறுத்த இடுப்பைப் பார்த்தாள். "உன் பேர் இன்னாக்கா?" என்று கேட்டாள். அவர்கள் வீட்டுப் பெண் எங்களில் ஒருத்தியை அக்கா என்று கூப்பிட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"சாலம்மா" என்றாள் அம்மா.

அடுத்த நாள் திங்கட்கிழமை. கதை இங்கே மாறியிருக்க வேண்டும் என்று தோன்றும். மாறவில்லை. கடைத்தெருவில் அதே ஆட்கள், அதே மூக்கு, அதே துணி. அம்மாவோடு நான் போனேன். அவர்கள் பழையபடி ஒதுங்கினார்கள். ஆனால் அம்மா அன்றைக்கு ஓரமாக நடக்கவில்லை. இடுப்பில் கட்டுப் போட்டுக்கொண்டு தெருவின் நடுவில் நடந்தாள். நானும் அவள் பக்கத்தில் நடந்தேன். அதற்குப் பிறகு நான் ஓரமாக நடந்ததே இல்லை. ஆம்பூரிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

5

நான் சொல்லி முடித்தபோது என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தானியேல் எழுந்து, வெளியே போய் பஸ்ஸின் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஊர் ஏன் மனசை விட்டுப் போகாது என்று இங்கே வந்த நாள் முதல் யோசித்திருக்கிறேன். டர்பன் அழகான பட்டணம். கடல், மலை, பூச்செடி எல்லாம் உண்டு. என் வாழ்நாளில் பாதிக்குமேல் இங்கேதான் போயிற்று. ஆனாலும் கண்ணை மூடினால் பச்சைத் தோலும் ஆவாரம்பட்டையும்தான் வருகின்றன. பிறந்த இடம் என்பதாலா? அதே ஊரில் பிறந்து அதை அடியோடு மறந்தவர்களை எனக்குத் தெரியும். நான் யார் என்று எனக்கு முதலில் தெரிந்த இடம் அது. என் தகப்பன் எவ்வளவு பெரிய ஆள், என் தாய் எவ்வளவு பலசாலி என்று அந்த மணலில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குமுன் இருந்த பதினாலு வருஷத்தையும் அந்த ஒரு மத்தியானம் வேறாக்கிவிட்டது. அந்த இடத்தின் பெயரை விட்டால் அந்த மத்தியானத்தையும் விட வேண்டும். ஆம்பர் என்கிற கல்லுக்கு என் அம்மாவைத் தெரியாது.

6

ஆகவே லைசென்ஸ் ஆபீசுக்கு நானே போனேன்.

இந்த நாட்டில் வெள்ளைக்காரர்கள் நம் ஆண்கள் எல்லோரையும் சாமி என்றும், பெண்கள் எல்லோரையும் மேரி என்றும் கூப்பிடுவார்கள். பெயர் கேட்கிற சிரமம் அவர்களுக்கு வேண்டாம் பாருங்கள். நான் கப்பலிலிருந்து இறங்கிய அன்று துறைமுகத்து அதிகாரி, "வா, மேரி" என்றான். என் பெயரைக் கடல் தாண்டியும் தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பின்னால் வந்த லட்சுமியையும் "வா, மேரி" என்றபோதுதான் விஷயம் புரிந்தது. அவனே என் காகிதத்தில் பிறந்த ஊர் மெட்ராஸ் என்று எழுதினான். புதுப்பெண்; வாய் திறக்கவில்லை.

இந்தத் தடவை ஜன்னலில் இருந்த குமாஸ்தாவும், "என்ன வேண்டும், மேரி?" என்றான்.

"என் பெயர் மேரிதான், ஐயா. சரியாகச் சொன்னீர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "என் ஊரின் பெயரைத்தான் தப்பாக எழுதிவிட்டீர்கள்."

அவன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தான். ஆம்பர் நல்ல சொல்தானே, இதில் என்ன குறை என்றான்.

"உங்கள் ஊர் எது, ஐயா?" என்று கேட்டேன்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் பதில் சொன்னான்: ஸ்காட்லாந்தில் டண்டீ.

இந்த மாகாணத்தின் வடக்கே நிலக்கரி எடுக்கிற ஊர் ஒன்றுக்கு டண்டீ என்று பெயர். அதை நான் சொன்னேன். "உங்கள் ஆட்கள் இங்கே வந்து ஒரு ஊருக்கே தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். யாராவது அதை வேறு மாதிரி எழுதினால் நீங்கள் விடுவீர்களா? நான் ஒரு பஸ்ஸுக்குத்தான் கேட்கிறேன்."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சிரித்தானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, மீசை அசைந்தது. மாற்றலாம், ஆனால் புது விண்ணப்பம் போட வேண்டும், லைசென்ஸ் போர்டின் அடுத்த கூட்டத்தில்தான் அனுமதி கிடைக்கும், அதுவரை வண்டி ஓடக் கூடாது என்றான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நிக்கட்டும்" என்றார் என் கணவர். தானியேல் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெயும் ஒரு கந்தலும் எடுத்துக்கொண்டு போய், தங்க நிற எழுத்துக்களைத் தேய்க்க ஆரம்பித்தான். நான் அவனைத் தேய்க்கச் சொல்லவில்லை.

7

பஸ் பெயரில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஜவுளிக்கடைக்காரர் கலியாணத்துக்கு நாள் குறிக்க வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். கிரேஸைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், "வண்டி ஏன் நிக்குது? ரிப்பேரா?" என்றார்.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் தானியேல் சொல்லிவிட்டான்.

"பேர் தப்பா எழுதிட்டாங்க. மாத்துறோம். ஆம்பூர்னு வெக்கிறோம். எங்க அம்மாவோட ஊர்."

"ஆம்பூரா?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம். எங்க தாத்தா தோல் கிடங்குல வேல செஞ்சார். ஆயாவும்தான்." கொஞ்சம் நிறுத்தி, அவன் தமிழில் தேடித் தேடிச் சொன்னான்: "ஆத்துல வெள்ளம் வந்தப்ப தோல்ல பரிசல் கட்டி ஆளுங்கள காப்பாத்தினாங்க. ஆயா வடத்த இடுப்புல கட்டிக்கிட்டு ஒக்காந்தாங்க."

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி" என்றார் அவர். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "நான் பழசத் தோண்டுற ஆளில்ல. இந்த நாட்டுல அதெல்லாம் யாருக்கு வேணும்? நீயும் நல்ல பையன். ஆனா பேர ரோட்டுல எழுதிக்கிட்டுப் போகணுமா? நாலு பேர் என்னைக் கேப்பாங்க. வேற பேர் வெச்சிக்க முடியுமா? அது ஒண்ணுதான் கேக்குறேன்."

தானியேல் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனையும் பார்க்கவில்லை.

"முடியாதுங்க" என்றான்.

அவர் தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். என் கணவருக்குக் கை கொடுத்தார். போய்விட்டார். அதற்கப்புறம் அவர் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவளை யாரும் கேட்கவில்லை. தானியேலுக்கு மனசு கஷ்டப்பட்டது. சில நாள் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருந்தான். நான் ஆறுதல் சொல்லப் போனபோது, "விடு மம்மி. நான்தானே சொன்னேன்" என்றான். அதைச் சொன்ன விதத்தில் என் அம்மாவின் நடை எனக்குத் தெரிந்தது.

8

அனுமதி வந்தது. இந்தத் தடவை பெயிண்டர் பக்கத்திலேயே நான் நின்றேன். இரண்டு பக்கமும் இங்கிலீஷில். பின்னால், முழு அகலத்துக்கும் தமிழில். சட்டத்தில் தமிழ் கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

பஸ் கிளேர்வுட்டுக்கும் டர்பன் மார்க்கெட்டுக்கும் ஓடுகிறது. என் கணவர் ஓட்டுகிறார், தானியேல் டிக்கெட் கொடுக்கிறான். முதல் வாரத்தில் ஒரு கிழவர் மார்க்கெட்டில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸுக்காக நின்றார். ஏறி உட்கார்ந்து, "பின்னால எழுதியிருந்தத ஒருத்தர் படிச்சிச் சொன்னார். அதான் ஏறிட்டேன். எனக்குக் காவேரிப்பாக்கம்" என்றார். இறங்குகிற வரைக்கும் அவருடைய ஏரியைப் பற்றியே பேசினார். கடலைவிடப் பெரிது என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "நான் பேரணாம்பட்டு" என்றாள். இந்த அம்மாளை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். இதுவரை மெட்ராஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது பெஞ்சில் தினமும் ஏதாவது ஒரு ஊர்ப் பெயர் கேட்கிறது. மக்காச்சோளம் விற்கிற ஜூலுப் பெண்கள் "ஆம்பூலு, ஆம்பூலு" என்று கைகாட்டி நிறுத்துகிறார்கள். அவர்கள் மொழியில் 'ர' கிடையாது. அதை நான் திருத்தப் போவதில்லை. கூடையை இறக்க நான் மார்க்கெட்டுக்குப் போகிற நாட்களில் சற்றுத் தள்ளி நின்று கேட்பேன். தானியேல் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, அந்தப் பெரிய சந்தை இரைச்சலுக்கு மேலே, "ஆம்பூர்! ஆம்பூர்! ஆம்பூர்!" என்று ஆட்களைக் கூப்பிடுவான்.

போன வாரம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் பஸ்ஸில் ஏறினார். வடஆற்காட்டுப் பேச்சு. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுக் காற்றில் கறுத்து, அரைத் தமிழும் அரை இங்கிலீஷுமாகக் கத்திக்கொண்டிருந்த என் பிள்ளையை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த ஊருப்பா?"

"ஆம்பூர்" என்றான் தானியேல். டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனான்.